சலாபம் இல்லாத ஆண்டுகள்

மன்னார் வளைகுடாக் கரையில் முத்துக்குளிப்புக்குச் ‘சலாபம்’ என்று பெயர். கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் திட்டைப் ‘பார்’ என்பார்கள். பாரில் சிப்பி முற்றியிருந்தால்தான் சலாபம். ஓர் ஆண்டு கொட்டிக் கிடக்கும். அடுத்த முறை ஆள் இறங்கிப் பார்த்தால் வெறும் மணலாக இருக்கும். அப்புறம் ஐந்தாண்டோ பத்தாண்டோ, சில சமயம் அதற்கு மேலுமோ சலாபமே நடக்காது. தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அதோடு சரி.

முத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சலாபம் நடந்த ஆண்டுகளைத்தான் எழுதினார்கள். எத்தனை தோணி, எத்தனை குளியாட்கள், எத்தனை லட்சம் சிப்பி, சர்க்காருக்கு எவ்வளவு வரும்படி என்று துல்லியமாகக் கணக்கு இருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒரு வரி கிடையாது. அந்த ஆண்டுகளிலும் குளியாளின் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. சங்கு குளித்தார்கள், வலை போட்டார்கள், ஆழம் போதாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்குத் தோணியில் மூட்டை கொண்டுபோய் ஏற்றினார்கள். முத்து எடுக்காத காலத்தில்தான் அவர்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது.

தூத்துக்குடியின் மிகப் பெரிய பெயரான வ.உ.சிதம்பரம் பிள்ளையையும் நாம் இப்படித்தான் படித்து வைத்திருக்கிறோம். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், கைது, இரட்டை ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு. அவ்வளவில் கதை முடிந்துவிடுகிறது. மிச்சத்தை ‘பிறகு வறுமையில் வாடி மறைந்தார்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். சிறையிலிருந்து வெளியே வந்தது 1912 டிசம்பரில். இறந்தது 1936 நவம்பர் 18இல். ஏறத்தாழ 24 ஆண்டுகள். கப்பல் ஓட்டிய காலத்தைப் போல எட்டு மடங்குக்கு மேற்பட்ட காலம் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

அந்த 24 ஆண்டுகளில்தான் அவர் எழுத்தாளராக வாழ்ந்தார். சிறையில் தொடங்கிய எழுத்து அதற்குப் பிறகுதான் புத்தகம் புத்தகமாக வெளிவந்தது. கடன், வாடகை, குழந்தைகள், பறிபோன தொழில் எல்லாம் ஒரு பக்கம். தொல்காப்பியமும் திருக்குறளும் மறுபக்கம். இரண்டையும் ஒரே வீட்டுக்குள் அவர் எப்படி வைத்துக்கொண்டார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பகல் முழுக்கச் சம்பளத்துக்கு உழைத்து, வீட்டு வேலை ஓய்ந்த பிறகு மேசைக்கு வருகிற எவருக்கும் இது வெறும் வரலாற்றுக் கேள்வியாக இருக்காது. எனக்கு இருந்ததில்லை.

வ.உ.சி. சிறைக்குப் போனதால் எழுத்தாளர் ஆனவர் அல்லர். 1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில், வக்கீல் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் பிறந்தார். தாமும் வக்கீலானார். 1900 வாக்கில் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் காலத்திலேயே ‘விவேகபாநு’ இதழில் கட்டுரை எழுதினார். சைவ சித்தாந்தப் பேச்சும் தமிழ்ப் படிப்பும் வக்கீல் வேலையும் கலந்து கிடந்த நாட்கள் அவை. கப்பல் கம்பெனியின் தலைவராக இருந்தவர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். கப்பலுக்குப் பங்குப் பணம் திரட்டியவர்களும் ஏட்டுச் சுவடி திரட்டியவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்களாக இருந்தார்கள். இதை மறந்துவிட்டால், கப்பலோட்டிய ஒருவர் தொல்காப்பியத்துக்கு ஏன் போனார் என்பது விளங்காத புதிராகிவிடும்.

கம்பெனியின் கதை எல்லோருக்கும் தெரியும். 10 லட்சம் ரூபாய் மூலதனம். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்து ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள். போட்டிக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது, சும்மாவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது. 1908 மார்ச் 12இல் கைது. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹேயின் தீர்ப்பு. உயர் நீதிமன்றம் தண்டனையைப் பின்னர் வெகுவாகக் குறைத்தது. அவர் உள்ளே இருந்தபோதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டன.

வீட்டின் கதையை இவ்வளவு விரிவாக யாரும் சொல்வதில்லை. முதல் மனைவி வள்ளியம்மை இளவயதிலேயே இறந்துபோனார். பிறகு மணந்தவர் மீனாட்சி அம்மாள். தண்டனைச் செய்தி வந்தபோது அவர் கையில் சிறு குழந்தைகள். தீர்ப்பைக் கேட்ட வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப்போனார், மீளவே இல்லை. ஒட்டப்பிடாரத்தில் வயதான பெற்றோர். சம்பாதித்துப் போட்ட ஒரே கை சிறைக்குள் சணல் இயந்திரத்தில் தோலுரிந்துகொண்டிருந்தது. ஒரு தீர்ப்பு, ஒரே நாளில், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் தொட்டுவிட்டது. வ.உ.சி.யின் தியாகம் என்று நாம் சொல்லும்போது அதில் மீனாட்சி அம்மாளின் பங்கையும் அந்தத் தம்பியின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவர்களுக்குத் தண்டனை வாசிக்கப்படவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

சிறையில் அவர் எழுதியவற்றை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு முதலில் பட்டது ஒன்று. நூலின் பொருளைவிட நூலின் வடிவம் நிறையச் சொல்கிறது.

முதலில் மொழிபெயர்ப்பு. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் சிறு நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். பிறகு அதே ஆசிரியரின் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, கடைசிக் காலத்தில் ‘சாந்திக்கு மார்க்கம்’. ஆலன் பெரிய தத்துவவாதி அல்லர். மனிதனின் எண்ணமே அவன் நிலையை ஆக்குகிறது என்பதை எளிய நடையில் திரும்பத் திரும்பச் சொன்னவர். இன்றைய வாசகருக்கு அது சற்றுத் தட்டையாகக்கூடத் தோன்றலாம். ஆனால் சுற்றியுள்ள எதுவும் தன் வசத்தில் இல்லாத ஒரு கைதிக்கு, தன் வசத்தில் மிஞ்சியிருப்பது தன் மனம் மட்டுமே என்று சொல்லும் நூல் வெறும் வாசிப்பாக இருந்திருக்காது. மொழிபெயர்ப்புக்கு இன்னொரு வசதி உண்டு. மூலம் எதிரில் திறந்து கிடக்கும். இன்று பாதி வாக்கியத்தில் எழுப்பிக்கொண்டு போய்விட்டாலும், நாளை வந்து அதே பாதியிலிருந்து தொடரலாம்.

அடுத்து ‘மெய்யறம்’. கோவைக்குப் பிறகு அடைபட்ட கண்ணூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகள் அறநூல் சொல்லித்தரக் கேட்டதிலிருந்து பிறந்த நூல் அது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்று ஐந்து இயல்கள், 125 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்து வரி, ஒவ்வொரு வரியும் ஒரு முழுக் கருத்து. குறள் அவருக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு இந்த நூலின் கட்டுமானமே சான்று. ஆனால் குறளில் ஈரடி, இங்கே ஓரடி. ஓரடியை எழுதுபலகை இல்லாமலே மனத்தில் செய்துகொள்ளலாம். செக்கைச் சுற்றி வந்த கால்களைத்தான் நாம் திரைப்படத்தில் பார்த்தோம். கண்ணூரில் வேலை நேரத்திலும் ஒரு மனம் வரி வரியாகக் கோத்துக்கொண்டிருந்திருக்கும் என்று எண்ணாமல் மெய்யறத்தைப் படிக்க என்னால் முடியவில்லை.

அந்த நூலில் என்னை நிறுத்திவைக்கிற பகுதி இல்வாழ்வியல். 30 அதிகாரங்கள். மனைவி பல நூறு மைல் தொலைவில். குழந்தைகள் தகப்பன் முகம் மறந்து வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். தம்பி பித்தாகித் திரிகிறார். அந்த நேரத்தில் இந்த மனிதர் கொலைக் குற்றவாளிகளுக்கும் திருட்டுக் குற்றவாளிகளுக்கும் நடுவே உட்கார்ந்து குடும்பம் நடத்தும் அறத்தை அதிகாரம் அதிகாரமாக வகுக்கிறார். அவற்றில் தன் வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. புலம்பல் இல்லை. இழந்துகொண்டிருக்கிற ஒன்றை இலக்கணமாக எழுதி வைத்தால் அது முழுதாகக் கைவிட்டுப் போகாது என்று நம்பினாரோ என்று தோன்றுகிறது. ‘மெய்யறிவு’ வெண்பாக்களும் இதே சிறைக்காலத்து வேலைதான். மெய்யறம் 1914இலும் மெய்யறிவு 1915இலும் அச்சாயின.

தன் வீட்டைப் பற்றிச் சொன்ன இடம் வேறு. பரலி சு.நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதத் தொடங்கிய சுயசரிதை அது. நெல்லையப்பர் வ.உ.சி.க்குத் தம்பி போன்றவர். சிறைப்பட்டிருந்தவருக்குத் துணையாக இருப்பதற்கென்றே கோவை வந்து தங்கியவர். சுயசரிதை முழுவதும் அகவல் யாப்பில் செய்யுளாக இருக்கிறது. உரைநடை நன்கு வரும் ஒருவர் தன் வாழ்க்கையைச் செய்யுளில் ஏன் சொன்னார்? காலத்தின் வழக்கம் ஒரு காரணம். என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு. யாப்பு, சொல்பவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது. அடுத்த அடிக்கு எதுகை தேடும்போது அழுகை சற்றுப் பின்னால் போகிறது. சொந்த வீட்டின் துயரத்தை எழுத வேண்டிய எவரும் ஏதோ ஒரு கட்டுப்பாட்டைத் தேடிக்கொள்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது ஆசிரியப்பா.

1912 டிசம்பரில் வெளியே வந்தார். கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை. அரசத் துரோகக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் கோர்ட்டில் வழக்காட முடியாது. திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பாமல் குடும்பத்தோடு சென்னையில் குடியேறினார். மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. மளிகைக் கடை வைத்துப் பார்த்தார். மண்ணெண்ணெய் விற்றுப் பார்த்தார். வியாபாரம் நிற்கவில்லை.

இந்தச் சில ஆண்டுகளில் வெளிவந்த நூல்களைப் பாருங்கள். 1914இல் அகமே புறமும் மெய்யறமும். 1915இல் மெய்யறிவும் பாடல் திரட்டும். 1916இல் வலிமைக்கு மார்க்கம். 1917இல் மணக்குடவர் உரையோடு கூடிய திருக்குறள் அறத்துப்பால் பதிப்பு. அதே ஆண்டில் இன்னிலை. வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிய அதே ஆண்டுகள்தாம் அவருடைய அச்சுப் பட்டியலில் மிக நெருக்கமான ஆண்டுகள். வறுமை எழுத்தைக் கொன்றது என்றும் சொல்ல முடியவில்லை. வறுமைதான் எழுத வைத்தது என்றும் சொல்ல மாட்டேன், அது வறுமைக்குச் செய்கிற மரியாதை ஆகிவிடும். நூல்கள் அவருக்கு வரும்படிக்கான வழியாகவும் இருந்தன என்பதுதான் நேரான உண்மை. வக்கீல் தொழில் போய்விட்டது, வாணிகம் கை கொடுக்கவில்லை. விற்பதற்கு எஞ்சியிருந்தது படிப்பு. அந்தப் படிப்பை விற்று வீட்டில் உலை வைக்க முடியுமா என்று அவர் முயன்று பார்த்தார். பெரும்பாலும் முடியவில்லை.

எவ்வளவு முடியவில்லை என்பதற்குக் காந்தியோடு நடந்த கடிதப் போக்குவரத்து சான்று. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்கு உதவப் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். அதைத் தொடர்ந்து பல மாதங்கள் கடிதங்கள் போய் வந்தன. இறுதியில் 1916இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. இந்த விவரங்களை ஆவணங்களிலிருந்து மீட்டுக் கொடுத்தவர் ஆ.இரா.வேங்கடாசலபதி. அந்தத் தொகையையே அவர் தமது நூலொன்றின் தலைப்பில் வைத்தார். இந்தக் கடிதங்களை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் காந்தியின் தாமதத்தைப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கேட்டவரின் தன்மை. 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் சில நூறு ரூபாய்க்காகத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எழுதினார். தன்மானம் தடுக்கிறது என்று நிறுத்திக்கொண்டால் வீட்டில் குழந்தைகள் பட்டினி. அறநூல் எழுதிய அதே கை அந்தக் கடிதங்களையும் எழுதியது. மெய்யறத்தின் இல்வாழ்வியலுக்கு இதைவிட நல்ல உரை இருக்க முடியாது என்பேன்.

அவருக்குக் கிடைத்த நேரம் எப்படிப்பட்டது என்பதை இங்கே யோசிக்க வேண்டும். நாவல் எழுதுபவருக்கு நீண்ட பகல்கள் வேண்டும். ஓர் உலகத்தைக் கட்டி, அதற்குள் குடியிருந்து, வெளியே வராமல் இருக்க வேண்டும். வ.உ.சி.க்கு அப்படி ஒரு பகல் வாய்க்கவில்லை. பதிப்பும் உரையும் வேறு வகை வேலை. ஒரு குறள், அதற்கு ஒரு பதவுரை, பாடபேதம் இருந்தால் ஒரு குறிப்பு. கடன்காரர் வந்து கூப்பிட்டால் எழுந்து போகலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் மூடி வைக்கலாம். திரும்பி வரும்போது 214ஆம் குறள் 214ஆம் குறளாகவே காத்திருக்கும். துண்டுபட்ட வாழ்க்கைக்குத் தமிழ் மரபு வைத்திருந்த வடிவம் உரை. புது நூல் செய்ய இயலாதவர்களின் இரண்டாம் தரப் பணி என்று உரையைப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்றும் இருக்கிறது. வ.உ.சி.யின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால் அந்தப் பார்வை எவ்வளவு பிழையானது என்று தெரியும்.

இரண்டாம் தரம் என்று சொல்ல முடியாதபடி அவர் உரையில் துணிச்சலும் இருந்தது. கடவுள் வாழ்த்து, வான் சிறப்பு, நீத்தார் பெருமை ஆகிய முதல் மூன்று அதிகாரங்கள் வள்ளுவர் செய்தவை அல்ல, பிற்காலத்தில் சேர்ந்தவை என்று கருதினார். சைவப் பற்றுள்ள ஒருவர் கடவுள் வாழ்த்தையே ஐயப்படுகிறார். அந்தக் கருத்தை ஏற்பது வேறு விஷயம், பலர் ஏற்கவில்லை. ஆனால் ஆங்கில ஆட்சியோடு மோதிய அதே முதுகெலும்பு ஏட்டின் முன்னாலும் வளையாமல் இருந்தது என்பதற்கு இது போதும்.

தொல்காப்பியமும் சிறையில் தொடங்கியதே. 1910 வாக்கில் இளம்பூரணர் உரையையும் நச்சினார்க்கினியர் உரையையும் வைத்துப் படித்திருக்கிறார். படித்தபோது பட்ட சிரமம், மற்றவர்களுக்கு அதை எளிதாக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தது. எழுத்ததிகாரம் இளம்பூரணத்தை அவர் பதிப்பித்தது 1928இல். பொருளதிகார இளம்பூரணப் பதிப்புப் பணியில் ச.வையாபுரிப் பிள்ளையும் அவரும் சேர்ந்து உழைத்தார்கள். எண்ணம் முளைத்ததற்கும் எழுத்ததிகாரம் கைக்கு வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய 18 ஆண்டு. இத்தனை காலம் ஒரு நூலைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு வேண்டிய பிடிவாதத்தை நான் வியக்கிறேன்.

சறுக்கலும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1917இல் அவர் உரை எழுதி வெளியிட்ட இன்னிலை 45 வெண்பாக்கள் கொண்ட நூல். பதினெண்கீழ்க்கணக்கின் பதினெட்டாவது நூல் எது என்ற வழக்கில் அது இடம்பெற்றது. பின்வந்த ஆய்வாளர்கள் இன்னிலை பழைய நூல் அன்று, பிற்காலத்தில் யாரோ கட்டியது என்று கண்டார்கள். பதினெட்டாவது இடம் கைந்நிலைக்குப் போயிற்று. நம்பிக் கையில் வாங்கிய சுவடிக்கு, கடன்பட்ட வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் எழுதிய உழைப்பு அது. அது போலி நூலின் மேல் விழுந்துவிட்டது. படைப்பில் தோல்வி என்றால் நாம் பதிப்பாளர் திருப்பி அனுப்பியதையோ விற்காமல் தேங்கியதையோ நினைக்கிறோம். செய்த வேலையின் அடித்தளமே இல்லாமல் போவது அதைவிடக் கொடிது. ஆனாலும் இன்னிலைக்குப் பிறகும் அவர் சுவடிகளை நம்பினார், தொல்காப்பியத்தை விடவில்லை.

இதே மாவட்டத்துக்காரர் இன்னொருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. எட்டயபுரம் ஒட்டப்பிடாரத்துக்குக் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பக்கம்தான். பாரதியின் தந்தை சின்னசாமி ஐயரும் வ.உ.சி.யின் தந்தையும் பழகியவர்கள். பஞ்சாலை முயற்சியில் பொருளை இழந்து சின்னசாமி ஐயர் இறந்தது 1898இல். பாரதி 1908இல் புதுச்சேரி போய், பத்தாண்டு அங்கே இருந்து, 1921இல் முடிந்துவிட்டார். அவர் எழுத்து எரிகிற சுடர். செல்லம்மாள் அந்தச் சுடரைக் காத்த கதையை நாம் ஓரளவாவது சொல்லிக்கொள்கிறோம். வ.உ.சி.யின் எழுத்து நின்று எரிகிற அகல். அதனால்தானோ என்னவோ, மீனாட்சி அம்மாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அகலுக்கும் யாரோ எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாரதியைப் பற்றி வ.உ.சி. எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் அருமையானவை. நண்பனின் பெருமையையும் பலவீனத்தையும் ஒளிக்காமல் சொன்னவை. அவையும் புத்தகமாக வந்தது அவர் போய் வெகுகாலம் கழித்துத்தான்.

1920களில் நிலை சற்று மாறியது. வாலேஸ் என்ற ஆங்கில நீதிபதியின் முயற்சியால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சி அவரைச் செக்கில் பூட்டியது. ஓர் ஆங்கிலேயர் செய்த நன்மைக்குத் தன் பிள்ளையின் பெயரிலேயே நன்றி சொன்னார். அறம் அவருக்கு ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை. கோயம்புத்தூரில் சில காலம், பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில், 1932இல் மீண்டும் தூத்துக்குடி. கப்பலை விட்டுப் பிரிந்த ஊருக்கே 60 வயதில் திரும்பி வந்தார்.

கடைசி நான்கு ஆண்டுகளைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து வந்த ‘வீரகேசரி’யில் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதினார். 1934இல் சாந்திக்கு மார்க்கம் வந்தது. 1935இல் சிவஞான போதத்துக்கு உரை. அதே 1935இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தம் சொந்த உரை. உடல் தளர்ந்திருந்தது, வக்கீல் தொழிலிலும் வரும்படி பெரிதாக இல்லை. ஒரு காலத்தில் தன் கப்பல் போய் வந்த கொழும்புக்கு இப்போது அவருடைய கையெழுத்துத் தாள்கள் போயின. அந்தத் தடத்தில் ஏற்றுமதி செய்ய அவரிடம் கடைசியில் இருந்த சரக்கு அதுதான்.

அறத்துப்பால் அச்சாகியது. பொருட்பாலும் இன்பத்துப்பாலும் அச்சேறவில்லை. பணம் ஒரு காரணம், காலம் இன்னொன்று. 1936 நவம்பரில், தம் விருப்பப்படி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே உயிர் விட்டார். வயது 64. சாவதற்குச் சற்று முன் எழுதிய உயிலில் தான் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகளைக்கூட விடாமல் குறித்திருந்தார். சுயசரிதை புத்தகமாக வந்தது 1946இல். கடிதங்களைத் தொகுத்து ஆ.இரா.வேங்கடாசலபதி வெளியிட்டது 1984இல். குறள் உரை முழுவதும் ஒரே நூலாக வாசகர் கைக்கு வர இன்னும் நீண்ட காலம் ஆயிற்று.

கோவைச் சிறையின் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகிறார்கள், காட்ட வேண்டியதுதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் அவர் மேசை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சிந்தாதிரிப்பேட்டை வாடகை வீட்டிலும் பெரம்பூரிலும் கோவில்பட்டியிலும் அவர் கூடவே நகர்ந்த, பாடபேதக் குறிப்புகள் பரப்பிக் கிடந்த அந்த மேசை. அது ஒரு மேசையாகவே இல்லாமல், மடியில் வைத்த பலகையாகவும் இருந்திருக்கலாம்.

கடலோர எழுத்து இன்று வேறு நிலையில் இருக்கிறது. மணப்பாட்டை வைத்து வண்ணநிலவன் எழுதிய ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. உவரியில் பிறந்து கப்பல் நிறுவன வேலையில் இருந்துகொண்டே ஜோ டி குருஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ 2004இல். இந்தத் துறைமுக நகரத்தின் கதையான ‘கொற்கை’ 2009இல் வந்து 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பகலில் சரக்குக் கப்பல் கணக்கு, இரவில் நாவல் என்று ஒருவர் வாழ முடிகிறது. வ.உ.சி.யின் காலத்தில் கப்பலும் எழுத்தும் ஒரே மனிதருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வாய்த்தன. முதலாவது பறிபோன பிறகே இரண்டாவதற்கு இடம் கிடைத்தது.

சென்ற மாதம் மெய்யறத்தை மறுபடி எடுத்து இல்வாழ்வியலை மெதுவாக வாசித்தேன். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், பத்து வரி. 30 நாளுக்கு மேல் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை வீட்டில் உடம்புக்கு முடியாமல் போய் விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் எடுத்தபோது விட்ட வரி விட்ட இடத்திலேயே இருந்தது.